பன்றிக்கு அரைத்த மசாலா

ரேஞ்சர் ஜீப்பை விட்டு இறங்கியதும் முதலில் செய்த காரியம், மூக்கை நிமிர்த்தி நன்றாக உறிஞ்சியதுதான். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அந்நேரத்துக்கு எங்கள் தெருவில் சாணி வாசமும் காபி வாசமும்தான் வரும். அன்றைக்கோ மிளகும் மல்லியும் கிராம்பும் வறுபடுகிற வாசம் தெருக்கோடி வரை கமகமவென்று அடித்தது. ஒரு வீடு, இரண்டு வீடு இல்லை. ஊரே வறுத்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?" என்று என்னைக் கேட்டார். பன்றித் தொல்லைக்கு மனு எழுதிக் கொடுத்தவள் நான். அதனால் எங்கள் ஊரில் அவருக்குத் தெரிந்த முகம் என்னுடையதுதான்.

எனக்குப் பதில் தெரியும். எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். "எல்லாம் ரெடியா இருக்குதுங்க சார். நீங்க சுட வேண்டியதுதான் பாக்கி."

"நான் பன்னி சுட வந்திருக்கேனா, பந்திக்கு வந்திருக்கேனா?" என்றார் ரேஞ்சர். ஜீப்பின் பின்சீட்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த வனக்காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள் குலுங்கியதிலேயே தெரிந்தது. ரேஞ்சர் சிரிக்கவில்லை. "சுட்டதைப் புதைக்கணும், ஒரு துண்டு வெளிய போகக் கூடாதுன்னு கூட்டம் போட்டுச் சொல்லிட்டுப் போனேன். தலைய தலைய ஆட்டினீங்க" என்றவர் ஜீப்பில் ஏறி, வந்த வழியே போய்விட்டார். ஜீப்போடு என் கடலைக்காயும் போயிற்று என்றுதான் எனக்கு அந்த நிமிஷம் தோன்றியது.

முதலிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

மாரண்டஹள்ளிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வந்து இறங்குவார். அதனால் கொல்லை என் பொறுப்பு. எப்போது உழுவது, எந்த விதை, யாரைக் களைக்குக் கூப்பிடுவது எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். எனக்குப் பிடித்த பயிர் கடலைக்காய். செடியைப் பிடித்து இழுக்கும்போது மண் உதிர்ந்து கொத்தாகக் காய் வெளியே வருகிறதே, அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு லாட்டரி விழுந்தது என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டு விதைப்புப் பட்டமாக அந்தக் காயைப் பன்றிதான் தின்றது. காப்புக்காடு எங்கள் ஊருக்கு வெகு தூரம். எப்போதோ ஓடை வழியாக இறங்கி வந்த பன்றிகள் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தைப் பார்த்ததும் அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டன. அடிக்க ஒரு புலி இல்லை, செந்நாய் இல்லை. கரும்பும் தண்ணீரும் நிழலும் இருக்கின்றன. போட்ட குட்டியெல்லாம் பிழைத்து, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. காட்டையே கண்ணால் பார்க்காத காட்டுப்பன்றிகள் அவை. இருட்டியதும் என் கொல்லைக்குள் வந்தால், காலையில் ஏர் ஓட்டிய மாதிரி கிடக்கும்.

நானும் சும்மா இருக்கவில்லை. கல்யாணப் புடவை ஒன்றைத் தவிர என்னிடமிருந்த பழைய புடவையெல்லாம் வேலியில் கட்டினேன். மாரண்டஹள்ளி சலூன்களில் மூட்டை மூட்டையாக முடி வாங்கி வந்து வரப்பு நெடுகத் தூவினேன். நாய் குரைக்கிற சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டேன். பன்றிகள் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டன. எங்கள் தெரு நாய்கள்தான் விடிய விடியப் பதிலுக்குக் குரைத்து ஊரைத் தூங்கவிடாமல் செய்தன.

"போதும். மாங்கன்னு வெச்சிரலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "பன்னியும் வராது. நீயும் டார்ச்ச தூக்கிக்கிட்டு அலைய வேணாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மேல் உள்ள அக்கறைதான். ஆனால் மாந்தோப்பு வந்துவிட்டால் அங்கே எனக்கு என்ன வேலை? பூ பிடித்ததும் வியாபாரி வருவான், மரத்தோடு விலை பேசுவான், பேசுவதற்கு இவர் இருக்கிறார். நான் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திக் கூச்சல் போட்டு இன்னும் ஒரு பட்டத்துக்கு அவகாசம் வாங்கினேன். தையில் போடும் கடலை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் கொல்லை என் இஷ்டம். சேராவிட்டால் மாங்கன்று. இதுதான் எங்களுக்குள் பேச்சு. அவருக்கு என் மேல் எவ்வளவு நம்பிக்கை என்றால், நான் கடலை விதைத்த வாரமே மேட்டுப் பக்கம் காலியாகக் கிடந்த துண்டில் ஆள் விட்டு வரிசையாகக் குழி தோண்டிவிட்டார். நர்சரியிலிருந்து கன்றுகளும் வந்து, கறுப்புப் பைகளில் தண்ணீர்த் தொட்டியோரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

காட்டை விட்டுத் தள்ளி வந்து பயிரை அழிக்கிற பன்றிகளை வனத்துறை ஆட்கள் சுடலாம் என்று அரசாங்கம் சொல்லியிருப்பது தெரிந்ததும், முதல் மனு போட்டவள் நான்தான். ரேஞ்சர் வந்தார், சுற்றிப் பார்த்தார், ரேஷன் கடை முன்னால் ஊரைக் கூட்டினார். "ஒழிக்கிறதுக்கு இல்லீங்க, கொறைக்கிறதுக்கு. குட்டியோட வர்றத சுட மாட்டோம். எங்க ஆளத் தவிர யாரும் ஆயுதம் எடுக்கக் கூடாது. சுட்டதை அங்கயே புதைச்சிருவோம்" என்றார். எப்போது சுடுவது என்பதைக் கரும்பே முடிவு செய்தது. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வந்து தோட்டம் தோட்டமாக வெட்டிக்கொண்டே வரும்போது, பன்றிகள் ஒதுங்கி ஒதுங்கிக் கடைசித் துண்டுக்குள் சேரும். அன்றைக்கு மூன்று பக்கமும் ஆள் நின்று சத்தம் போட்டால் நாலாவது பக்கம் வெளியே வந்தாக வேண்டும். அந்தத் துண்டும் வெட்டிவிட்டால் பன்றி சிதறிவிடும். அடுத்த வருஷம் வரை கையில் சிக்காது.

இந்த வருஷம் அந்தக் கடைசித் துண்டு சரியாக உகாதிக்கு மறுநாள் வந்து நின்றது. வினையே அங்கேதான்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். மீதிப் பேர் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள். உகாதி முடிந்த மறுநாள் வேட்டைக்குப் போவது அவர்கள் வழக்கம். கூடப் போவது எங்கள் வழக்கம். சட்டம் கடுமையானதும் வேட்டை நின்றுபோயிற்று. பங்கு கணக்கு மட்டும் யாருக்கும் மறக்கவில்லை. வரிசையில் நின்றவனுக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு ரெட்டைப் பங்கு, எதிரில் சும்மா வந்தவனுக்கும் ஒரு பங்கு, அடித்தவனுக்குத் தலை. ரேஞ்சர் தேதி சொன்னதும் ஊர் என்ன புரிந்துகொண்டது? அரசாங்கமே மனம் மாறி உகாதி வேட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, அதுவும் துப்பாக்கியோடு! புதைப்பதெல்லாம் பேப்பருக்குச் சொல்கிற பேச்சு. அதனால்தான் அத்தனை வீட்டிலும் மிளகு வறுபட்டது.

ஜீப் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்தால் அதே மசாலா.

"தவக்காலம். கறியே தொடக் கூடாது" என்றேன்.

"ஃப்ரீசர் இருக்குதே" என்றார். "ஈஸ்டருக்கு எடுத்துக்கலாம்னுதான்."

நான் கத்தியது தெருவே கேட்டிருக்கும். பன்றியைச் சுட்டால் தோற்கப் போகிறவர் அவர்தான். தோற்கிற பக்கம் இருந்துகொண்டே கறிக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்!

அதே சூட்டில் கரும்புத் தோட்டக்காரரிடம் போனேன். நான் அண்ணா என்று கூப்பிடுகிற மனிதர். வேட்டை வரிசையை முன்பு நடத்தியது அவர் குடும்பம்தான். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"ஹந்தி போனா எனக்கும் நல்லதுதான் தங்கச்சி" என்றார். பன்றியை அவர் ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை. "ஆனா பங்கு இல்லாம வரிசையில எவன் வந்து நிப்பான்? காசு குடுத்துக் கூப்பிட்டாலும் வர மாட்டான், அது கூலியாயிடும். வேட்டைன்னா பங்கு வேணும். கரும்பு வெட்டுற கட்டிங் ஆளுங்க வாரக் கடைசில வராங்க. அதுக்கு மேல என்னால நிறுத்தி வெக்க முடியாது."

மறுநாள் பஸ் ஏறி ரேஞ்ச் ஆபீஸுக்குப் போனேன். ரேஞ்சர் உட்காரச் சொன்னார், டீ கூட வரவழைத்தார். ஆனால் இறங்கி வரவில்லை. "கறி கெடைக்காதுன்னு நல்லாத் தெரிஞ்சும் நிக்கிற ஆளுங்க இருக்காங்களா உங்க ஊர்ல? இருந்தா சொல்லுங்க, வரேன். நான் வரும்போது குழி தோண்டி ரெடியா இருக்கணும். குழியப் பாத்துட்டுத்தான் துப்பாக்கிய வெளிய எடுப்பேன்" என்றார்.

திரும்பும்போது பாலக்கோடு பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்காக நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா வேகவைத்த கடலைக்காயைக் கூடையில் வைத்துப் படியால் அளந்துகொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம். பஸ் கிளம்பப் போகிறது, கண்டக்டர் விசில் அடிக்கிறார், ஒருத்தரும் நகரவில்லை. எனக்கு அங்கேயே மூளையில் பல்பு எரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் கரும்புக்கார அண்ணன் வீட்டுக் களத்தில் ஊரைக் கூட்டினேன். "பன்னியில பங்கு கெடையாது. கனவுலகூட நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்தேன். எழுந்து போகப் பார்த்தவர்களை உட்காரச் சொன்னேன். "பங்கு என் கொல்லையில இருக்குது. பன்னி போச்சுன்னா கடலக்கா வூடு வந்து சேரும். புடுங்குற அன்னைக்கு, வேட்டையில எப்படிப் பிரிப்பீங்களோ அப்படியே பிரிச்சுத் தரேன். நின்னவங்களுக்கு ஒண்ணு, புள்ளத்தாச்சி வூட்டுக்கு ரெண்டு, எதுக்க வந்தவனுக்கும் ஒண்ணு. நாய்ப் பங்கும் உண்டு."

"நாய் கடலக்கா தின்னுமாக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"உன் வூட்டு நாய்தானே? நீ சோறு போடுற லட்சணத்துக்கு எதப் போட்டாலும் தின்னும்" என்றேன். களம் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் சிரித்து முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பங்கு சொல்லியாச்சு. அப்பறம் என்ன? இது வேட்டைதான். நிக்கலாம்" என்றார். அவ்வளவுதான், ஊர் என் பக்கம் வந்துவிட்டது.

குழி மட்டும் பாக்கி. வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏங்க, ரேஞ்சர் குழி கேக்குறாரு."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் தோண்டி வைத்ததைத் தவிர இந்தச் சுற்று வட்டாரத்தில் காலிக் குழி எங்கே இருக்கிறது? வாசல் வழியாகத் தொட்டியோரம் நின்ற மாங்கன்றுகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "அந்த ஆழம் பத்தாது" என்றார். மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழிகளில் மூன்றை அவரே ஆழமாக்கினார். நான் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் தோண்டிய மண்ணைக் கூடையில் அள்ளி ஓரமாகக் கொட்டினேன்.

ரேஞ்சர் வந்தார். தெருவில் நின்று முதலில் மூக்கை உறிஞ்சினார். காபி வாசம்தான். பிறகு குழியைப் பார்த்தார். பிறகுதான் துப்பாக்கி வெளியே வந்தது.

ஓடைப் பக்கத்துப் புளியமரத்தில் பரண் கட்டி வனக்காவலர் ஏறிக்கொண்டார். மற்ற மூன்று பக்கமும் வரப்புக்குப் பின்னால் நாங்கள். கையில் கம்புகூட இருக்கக் கூடாது, சத்தம் மட்டும்தான் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். சத்தத்துக்கா எங்களிடம் பஞ்சம்? தகர டின், எவர்சில்வர் தட்டு, மாரியம்மன் கோயில் தப்பட்டை, எங்கள் மாதா திருவிழா டிரம். தவக்காலத்தில் டிரம் எடுக்கலாமா என்று எங்கள் சர்ச் சாமியாரைக் கேட்டதற்கு, பன்றிக்காக அடிப்பது கொண்டாட்டத்தில் சேராது என்று சொல்லிவிட்டார். அண்ணன் கையைத் தூக்கினார். இத்தனை வருஷம் மறந்திருந்த வரிசை ஒரே மூச்சில் அதிர்ந்தது.

கரும்பு முதலில் நடுவில் ஆடியது. அப்புறம் ஆட்டம் ஓடைப் பக்கம் நகர்ந்தது. முதலில் வெளியே வந்தது ஒரு தாய்ப்பன்றி, பின்னால் வரிக் குட்டிகள். மரத்தில் சத்தமே இல்லை. அவை ஓடையில் இறங்கிக் காடு இருக்கிற மேற்கே ஓடி மறைந்தன. வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். விடச் சொன்னது சரிதான் என்று எனக்குப் பட்டது. அடுத்தது ஒரு கடா. எங்கள் வீட்டு டிவிஎஸ் வண்டி அளவு இருந்தது. என் கொல்லையைத் தின்றே அந்த உடம்பு வந்திருக்க வேண்டும். வெட்டவெளியில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தது. வெடிச் சத்தம் கேட்டது. விழுந்தது.

பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன், ஆனால் அது பொய். தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்தேன். இந்த வயதில், இந்த உடம்போடு, வரப்பில் நின்று குதித்தேன். அன்று மூன்று கடாக்கள் விழுந்தன. மற்றவை தப்பித்து ஓடைக்குள் இறங்கின. அவற்றை ஊரே கூச்சல் போட்டுக்கொண்டு மேற்கே வெகு தூரம் விரட்டிவிட்டு வந்தது.

மூன்றையும் மாங்குழியில் இறக்கினார்கள். ரேஞ்சர் பக்கத்திலேயே நின்று ஃபினாயில் ஊற்றச் சொல்லி மண்ணைத் தள்ள வைத்தார். ஊரே சுற்றி நின்று பார்த்தது. அத்தனை பேர் முகத்திலும் அத்தனை துக்கத்தை நான் சில சாவு வீடுகளில்கூடக் கண்டதில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் வாய் விட்டுச் சொன்னார். "மிளகு என்னா வெல விக்குது தெரியுங்களா சார்?"

அதன்பிறகு என் கொல்லையில் ஒரு குளம்பு பட்ட தடம்கூட இல்லை. குருத்து ஞாயிறு கழிந்த வாரம் செடி பிடுங்கினோம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கூப்பிடாமலே வந்தார்கள். நான் இழுத்த முதல் செடியிலேயே காய் கொத்துக் கொத்தாக வந்தது. அதைத் தூக்கி என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினேன். வெட்கமே இல்லாமல் இரண்டு முறை காட்டினேன்.

பங்கை அண்ணன்தான் பிரித்தார். களத்தில் கூறு கூறாகக் கட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளைத்தாய்ச்சி வீடுகளுக்கு ரெட்டைக் கூறு போயிற்று. நாய்ப் பங்கை அந்த நாய் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அதன் சொந்தக்காரன் எடுத்துக்கொண்டு போனான். அடித்தவருக்குத் தலை என்பது வழக்கமாயிற்றே. அதற்குப் பதிலாகக் காயோடு ஒரு தலைச்சுமைச் செடியைக் கட்டி, வனக்காவலருக்கென்று ஓரமாக வைத்தோம்.

மறுநாள் அதை வாங்கிப் போக ரேஞ்சரும் வனக்காவலரும் ஜீப்பில் வந்தார்கள். ரேஞ்சர் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டார். மூக்கு மேலே போயிற்று. மிளகு, மல்லி, கிராம்பு. தெருக்கோடி வரை அதே வாசம், வீட்டுக்கு வீடு.

"மறுபடியுமா?" என்றார். முகம் சிவந்துவிட்டது. நேராக என் வீட்டுக்குள் வந்து, அடுப்படி வரை போய், சட்டியின் மூடியை அவரே திறந்தார். உள்ளே பச்சைக் கடலைப் பருப்பும் கத்தரிக்காயும் கொதித்துக்கொண்டிருந்தன. ஃப்ரிட்ஜில் சும்மா கிடந்த மசாலாவை என்ன செய்வது? ஊர் மொத்தமும் பன்றிக்கு அரைத்ததைக் கடலைக்குப் போட்டுக் குழம்பு வைத்துவிட்டது. தவக்காலத்துக்கும் பழுதில்லை.

"உக்காருங்க சார்" என்றேன். "இதுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்குது. எதுக்க வந்தவருக்கும் உண்டுங்க." ரேஞ்சர் உட்கார்ந்தார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டுவிட்டு, இந்த மசாலாவை என்ன சேர்த்து அரைத்தீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர்தான் பக்குவம் சொன்னார். அரைத்தவர் அவர்தானே.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் காலைப் பூசைக்குப் போய்விட்டுக் கொல்லைக்குப் போனேன். எனக்கு முன்னால் அவர் அங்கே இருந்தார். மேட்டுத் துண்டில் மீதியிருந்த காலிக் குழிகளை ஒவ்வொன்றாக மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். பன்றி புதைத்த மூன்று இடத்தில் மட்டும் மூன்று மாங்கன்றுகள் நின்றன. மற்ற கன்றுகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நீ ஜெயித்துவிட்டாய் என்று அவர் வாயால் கேட்டு வாங்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு நின்றேன்.

கடைசிக் குழியை மூடி, மேலே ஏறி நாலு மிதி மிதித்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்தத் துண்டையும் சேத்து ஓட்டிரலாம்" என்றார். "வெதக் கடல எடுத்து வெச்சிருக்கியா?"

"புடுங்குன அன்னைக்கே எடுத்து வெச்சிட்டேன்" என்றேன்.